சுவரொட்டிக்கு ஏது அசல்?

"அசல் வாங்க வசதியில்லாதவன்தான் நகலை மாட்டுவான்." கலை ரசனை பற்றிப் பேசும் நம் நண்பர் வட்டங்களில் இதைப் பல வடிவங்களில் கேட்டாயிற்று. நான் பழைய பிரெஞ்சுச் சுவரொட்டிகளின் மறுஅச்சுகளைச் சேர்ப்பவன். ஜூல் செரே, துலூஸ்-லோத்ரெக், ஸ்டைன்லென் என்று வாடகை வீட்டுச் சுவர் தாங்கும் அளவுக்கு வைத்திருக்கிறேன். "இதெல்லாம் காபி ஷாப் அலங்காரம்பா" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களிடம் எனக்கு ஒரே ஒரு கேள்விதான். நீங்கள் சொல்லும் அந்த அசல் எங்கே இருக்கிறது?

எண்ணெய் வண்ண ஓவியத்துக்கு அசல் உண்டு. ஒரு துணி, ஒரு சட்டகம், ஒரு மியூசியம். கல்லச்சு, அதாவது லித்தோகிராஃபி, அப்படியல்ல. வழவழப்பான சுண்ணாம்புக்கல்லில் கொழுப்புள்ள பென்சிலால் படத்தை இடவலம் மாற்றி வரைவார்கள். கல்லை நனைத்து மை உருட்டினால், ஈரம் மையைத் தள்ளும், கொழுப்பு மையைப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு நிறத்துக்கும் பொதுவாக ஒரு கல். வேலை முடிந்ததும் கல்லைத் தேய்த்துச் சுத்தமாக்கி அடுத்த படத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். வரைந்த கோடு அத்தோடு போச்சு. மிஞ்சுவது பிரதிகள் மட்டும். மூலான் ரூஜுக்காக லோத்ரெக் 1891-இல் செய்த சுவரொட்டி ஏறக்குறைய 3,000 பிரதிகள் அச்சானது. இதில் எது அசல்? முதலாவதா, மூவாயிரமாவதா?

இந்தப் படங்கள் பாரிஸின் சுவர்களுக்காகப் பிறந்தவை. 29 ஜூலை 1881-இன் பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் சுவரொட்டி ஒட்டுவதற்கும் வழிவிட்டது. "ஒட்டாதே" என்ற எச்சரிக்கையோடு அந்தத் தேதியையும் சேர்த்து எழுதிய சுவர்களை பாரிஸில் இன்றும் பார்க்கலாம். மது, நாடகம், சைக்கிள், விளக்கெண்ணெய் என்று எதை விற்கவும் படம் வரைந்தார்கள். மழையில் நனைந்து, மேலே இன்னொன்று ஒட்டப்பட்டுச் சாவதுதான் அவற்றின் விதி. ஆனால் பத்தே வருடத்தில் சேகரிப்பாளர்கள் வந்துவிட்டார்கள். ஒட்டுகிறவன் கையில் காசைத் திணித்து வாங்கினார்கள். ராத்திரியில் ஈரப் பஞ்சோடு போய்ச் சுவரிலிருந்து உரித்தார்கள். தெருவில் போகிறவன் இலவசமாகப் பார்த்த படம் தனியார் அலமாரிக்குள் போய் 'அசல்' என்ற பட்டத்தை வாங்கியது இப்படித்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1895 முதல் 1900 வரை 'லெ மெத்ர் த லாஃபிஷ்' என்ற மாதத் தொகுப்பு வந்தது. பிரபல சுவரொட்டிகளைச் சுமார் 29க்கு 40 சென்டிமீட்டர் அளவுக்குச் சுருக்கிக் கல்லச்சில் மறுபடி அச்சிட்டுச் சந்தாதாரர்களுக்கு அனுப்பினார்கள். மொத்தம் 256 தகடுகள். அதன் பின்னணியில் இருந்தவர் வேறு யாருமல்ல, ஜூல் செரேயேதான். சுவரொட்டிக் கலையின் தந்தை என்று கொண்டாடப்படுபவரே மறுஅச்சை இழிவாக நினைக்கவில்லை. இன்று அந்தச் சுருக்கப் பிரதிகள் நல்ல விலைக்குப் போகின்றன. நூறு வருஷம் தாண்டினால் நகலும் அசலாகிவிடுகிறது என்றால், உங்கள் 'அசல்' என்ற சொல் வயதைத்தான் அளக்கிறது, கலையை அல்ல.

அப்போ விற்கிறவர்கள் எல்லாம் யோக்கியர்களா? இல்லை. என் சண்டை நகலோடு இல்லை, அதன்மேல் ஒட்டும் பொய்ச் சீட்டோடு. கடைச் சீட்டில் 'லித்தோகிராஃப்' என்று இருக்கும். வாங்கிப் பார்த்தால் ஆஃப்செட். கேட்டால், "ஆஃப்செட்டும் லித்தோகிராஃபிதானே சார்" என்பார்கள். நானே இந்தப் பதிலைக் கேட்டிருக்கிறேன். தொழில்நுட்ப ரீதியில் சரிதான். நீரும் எண்ணெயும் சேராது என்ற அதே தத்துவம்தான் அங்கேயும். ஆனால் வாங்குகிறவன் மனதில் இருப்பது கல்லும் கையும் என்று விற்பவனுக்குத் தெரியும். தெரிந்தே 'ஆஃப்செட்' என்ற முன்னொட்டை விழுங்குகிறான். இன்க்ஜெட்டுக்கு 1991-இல் 'ஜிக்ளே' என்று பிரெஞ்சுப் பெயர் சூட்டியதும் இதே வகை மேக்கப். அப்புறம் '500-இல் 37' என்று பென்சில் எண். கல்லில் ஒவ்வொரு நிறமும் ஓர் ஓட்டம், உழைப்பு. ஃபைல் தேய்வதில்லை. நான் கோட் எழுதிப் பிழைப்பவன். நகலெடுக்கச் செலவே ஆகாத ஒன்றுக்குப் பஞ்சத்தை உண்டாக்குவது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும்.

ஒரு பூதக்கண்ணாடி போதும், வேஷம் கலையும். ஆஃப்செட்டில் புள்ளிகள் பெரும்பாலும் பூ வடிவ வரிசையில் தெரியும். கையால் வரைந்த கல்லச்சில் பென்சில் சொரசொரப்பும், செரேயின் கையில் அழகான தெறிப்புத் துளிகளும் ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும்.

மறுஅச்சுக்கு எதிராக நான் மதிக்கும் வாதம் ஒன்று உண்டு: அளவும் நிறமும். லோத்ரெக்கின் மூலான் ரூஜ் ஏறக்குறைய ஆளுயரத்துக்கும் மேல், 1.9 மீட்டர். தெருவில் நிற்கிறவன் படத்துக்குள் இருக்கும் கூட்டத்தில் ஒருவனாகிவிடுவான். ஏ-3 தாளில் அது நடக்காது. லா கூலூவின் பாவாடை வெள்ளை, மை படாத வெறும் தாள். இன்றைய மறுஅச்சுகள் பலவும் பழுத்துப்போன பிரதியை ஸ்கேன் செய்து, அந்தப் பழுப்பையும் மையாக அடித்துக் கொடுக்கின்றன. 1891-இல் பளிச்சென்று இருந்த வெள்ளையைக் கொன்றுவிட்டு அதற்கு 'விண்டேஜ்' என்று பேர். ரசனைக்காரர்களே, கோபப்பட வேண்டுமானால் இதற்குக் கோபப்படுங்கள். நகல் வைத்திருப்பவன் பர்ஸைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

செரே 1932-இல் இறந்தார், லோத்ரெக் 1901-இல், ஸ்டைன்லென் 1923-இல். இப்படங்கள் இன்று பொதுச் சொத்து. பிரான்ஸின் தேசிய நூலகம் தன் காலிகா தளத்தில் ஏராளமான சுவரொட்டிகளை எல்லோரும் பார்க்கத் திறந்துவைத்திருக்கிறது. இதைவிடச் சுவரொட்டியின் குணத்துக்குப் பொருத்தமான செயல் வேறென்ன?

ஆகவே மறுஅச்சு வாங்குங்கள், கூச்சமில்லாமல். விற்கிறவரிடம் மூன்றே கேள்வி: எப்படி அச்சிட்டது, அசல் அளவில் எத்தனை பங்கு, தாளின் பழுப்பு தாளுடையதா மையுடையதா. பதில் சொல்கிறவரிடம் காசைக் கொடுங்கள். 'எக்ஸ்க்ளூசிவ்' என்று இழுக்கிறவரிடமிருந்து நடையைக் கட்டுங்கள்.