கரும்பாலை அடுப்பும் எரிபொருட் சிக்கனமும்

கரும்பு பயிராகும் ஜில்லாக்களில் தைப் பொங்கலை ஒட்டி வெல்லம் காய்ச்சும் வேலை மும்முரமாக நடைபெறுவது யாவரும் அறிந்ததே. கவுந்தப்பாடி, நெய்க்காரப்பட்டி முதலிய சந்தைகளுக்கு மூட்டை மூட்டையாக வந்து சேரும் வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் பெரும்பாலும் சிறு ஆலைக் கொட்டகைகளில் உண்டாவனவே. அக்கொட்டகைகளை நடத்துவோரிற் பலர் நிலமுடைய விவசாயிகள். தம் கரும்பைத் தாமே ஆட்டிக் காய்ச்சும்போது அவர்கள் பயிர்த் தொழிலோடு உற்பத்தித் தொழிலுக்கும் முதலாளிகளாகிறார்கள். ஆயினும், உரச் செலவையும் ஆட்கூலியையும் பைசா விடாமல் கணக்கிடும் அவர்கள், அடுப்பில் எரிந்து போவதற்கு மட்டும் கணக்கு வைப்பதில்லை. "சக்கை நம்முடையதுதானே, எரிந்தால் என்ன?" என்பதே பொதுவான எண்ணம். அவ்வெண்ணம் தவறானது என்பதையும், அதை மாற்றுவதற்கு இதுகாறும் கையாளப்பட்ட முறை போதாது என்பதையும் எடுத்துக் காட்டுவது அவசியமாகிறது.

ஒரு டன் கரும்பை நல்ல மூன்றுருளை ஆலையில் ஆட்டினால் ஏறக்குறைய 600 கிலோ சாறும் 400 கிலோ சக்கையும் கிடைக்கும். சாற்றில் நூற்றுக்கு 18 பங்கு கரைந்த பொருள் இருக்குமாயின், அதிலிருந்து சுமார் 110 கிலோ வெல்லம் திரளும். மீதி 490 கிலோவும் நீராவியாகப் போக வேண்டும். சாற்றைக் கொதி நிலைக்குக் கொண்டுவரவும், அந்நீரை ஆவியாக்கவும் ஏறக்குறைய 3 லட்சம் கிலோ கலோரி உஷ்ணம் தேவை. மறுபுறம், 400 கிலோ பச்சைச் சக்கையில் சுமார் பாதி ஈரம். உலர்ந்த நார் 200 கிலோ இருக்கும். அதனை வெயிலில் நன்கு காயவைத்து எரித்தால் ஏறக்குறைய 8 லட்சம் கிலோ கலோரி உஷ்ணம் கிடைக்கும். ஆகவே, தேவைப்படும் உஷ்ணத்தைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் அக்கரும்பின் சக்கையிலேயே அடங்கியிருக்கிறது. வெல்லம் காய்ச்சி முடிந்தபின் சக்கை மிஞ்ச வேண்டுமென்பதே இக்கணக்கின் முடிவு.

நடைமுறையிலோ, சக்கை முழுவதும் எரிந்தும் போதாமல், விறகு விலைக்கு வாங்கும் கொட்டகைகள் பல உள்ளன. பழைய ரப்பர் டயர்களை எரிப்போரும் உண்டு. டயர்ப் புகை அடுப்பின் வாயில் உட்கார்ந்திருக்கும் கூலியாளின் நெஞ்சிற்கு முதலிற் கேடு; அடுத்த வயலுக்கும் வீட்டிற்கும் பிறகு கேடு. இந்நிலைக்குக் காரணம் யாதெனில், பழைய ஒற்றைக் கொப்பரை அடுப்பில் எரிபொருளின் உஷ்ணத்தில் நாலில் ஒரு பங்கோ, ஐந்தில் ஒரு பங்கோதான் சாற்றைச் சேருகிறது. எட்டு லட்சத்தில் நாலில் ஒரு பங்கு 2 லட்சமே. குறையும் ஒரு லட்சத்தை முதலாளி தம் மடியிலிருந்து பணம் கொடுத்து வாங்குகிறார். வீணான ஆறு லட்சமோ புகைபோக்கி வழியாகவும் அடுப்புச் சுவர் வழியாகவும் வெளியே போய்விடுகிறது.

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. அடுப்பிலிருந்து வெளியேறும் சூட்டுக் காற்றை இரண்டாவது, மூன்றாவது கொப்பரைகளின் அடியில் செலுத்திப் பச்சைச் சாற்றை முன்னதாகவே சூடாக்கும் முறை உள்ளது. லக்னோவில் 1952ஆம் வருஷம் நிறுவப்பட்ட இந்தியக் கரும்பு ஆராய்ச்சி நிலையம் இத்தகைய அடுப்புகளை வகுத்துத் தந்திருக்கிறது. கொப்பரையின் அடிப்புறத்தில் உலோகத் தகடுகளைப் பொருத்தி உஷ்ணம் ஏறும் பரப்பை மிகுதியாக்கலாம். சக்கையின் கீழே காற்றுப் புக இரும்புக் கம்பித் தட்டு அமைக்கலாம். புகைபோக்கியில் காற்றின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு தகட்டுக் கதவு வைக்கலாம். இவையெல்லாம் துண்டுப் பிரசுரங்களிலும் கூட்டங்களிலும் பலமுறை சொல்லப்பட்டனவே. ஆனால் சொன்னவற்றில் மிகச் சிலவே கொட்டகைக்குள் நுழைந்திருக்கின்றன.

இதற்கு விவசாயிகளின் பழமைப் பற்றைக் காரணமாகக் கூறுவது வழக்கமாகிவிட்டது. அது சோம்பேறித்தனமான காரணம். புதிய கரும்பு ரகங்களைத் தயங்காமல் நட்டவர்களும், மாட்டுச் செக்கை விட்டு எஞ்சினுக்கும் மின்சார மோட்டாருக்கும் மாறினவர்களும் இதே விவசாயிகளே. தம் லாபம் கண்ணுக்குத் தெரிந்தால் அவர்கள் மாறாமல் இருப்பதில்லை. குறை யோசனை சொல்லும் முறையில் இருக்கிறது.

ஒரே கிராமத்தில் நான்கு கொட்டகைகள் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். முதலாவதில் ஆலையின் உருளைகள் தேய்ந்து தளர்ந்திருப்பதால், 600 கிலோவுக்குப் பதில் 550 கிலோ சாறே இறங்குகிறது; மீதிச் சாறு சக்கையோடு அடுப்பில் வேகிறது. இரண்டாவதில் சக்கை காய்வதற்குக் களமில்லை. ஈரச் சக்கையே எரிகிறது. மூன்றாவதில் அடுப்புச் சுவர் வெடித்துக் குளிர்காற்று உள்ளே புகுகிறது. நான்காவதில் அடுப்பு நல்லதே. ஆனால் வெட்டுக் கரும்பு நேரத்திற்கு வந்து சேராமல், ஒரு கொப்பரைக்கும் மறு கொப்பரைக்கும் நடுவில் அடுப்பு ஆறிப்போகிறது. இந்நால்வர் கையிலும் மூன்று கொப்பரை அடுப்பைப் புகழும் ஒரே பிரசுரத்தைக் கொடுத்தால் விளைவு என்ன? ஊருக்கெல்லாம் ஒரே கஷாயம் கொடுத்த வைத்தியன் கதையே. முதலாமவர் கடன் வாங்கிப் புது அடுப்புக் கட்டியும் உருளைத் தேய்மானத்தால் நஷ்டம் தொடரும். அதைப் பார்த்த மற்ற மூவரும் இலாகாவின் பேச்சை மறுபடி கேட்கமாட்டார்கள்.

இத்துறையில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அநுபவம் கவனிக்கத் தக்கது. அங்கு 1976ஆம் வருஷம் ஓர் ஏற்பாடு தொடங்கப்பட்டது. சர்வகலாசாலை எஞ்சினீயரிங் ஆசிரியர்களும் மாணவர்களும் சிறிய, நடுத்தரத் தொழிற்சாலைகளுக்கு நேரிற் சென்று, எரிசக்தி எங்கே வீணாகிறது என்று அளந்து, அந்தந்தத் தொழிற்சாலைக்கென்றே தனி அறிக்கை எழுதித் தந்தனர். முதலாளிக்குச் செலவு கிடையாது. பிறகு எந்த யோசனை நிறைவேறியது, எது நிறைவேறவில்லை என்றும் விசாரித்துக் குறித்து வைத்தனர். அக்குறிப்புகளை ஆராய்ந்து ஆண்டர்சன், நியூவெல் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2004இல் வெளியிட்ட முடிவின்படி, சொல்லப்பட்ட யோசனைகளில் ஏறக்குறையப் பாதி நிறைவேறின. பின்னால் வரும் வருஷாந்தரச் சேமிப்பைக் காட்டிலும் முன்னால் போட வேண்டிய முதலையே முதலாளிகள் அதிகமாகக் கவனித்தனர். போட்ட பணம் ஓரிரு வருஷத்திற்குள் திரும்பாத யோசனைகள் பெரும்பாலும் தள்ளப்பட்டன. படித்த மேனேஜர்கள் நடத்தும் தொழிற்சாலைகளிலேயே இதுதான் நிலைமையாயின், மழையையும் சந்தை விலையையும் நம்பி வாழும் கரும்பு விவசாயியை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது.

நம் நாட்டில் 2001ஆம் வருஷத்து எரிசக்திச் சிக்கனச் சட்டமும், அதன்படி 2012இல் தொடங்கிய சேமிப்பு இலக்குத் திட்டமும் பெரிய ஆலைகளையே முக்கியமாகக் கருதியவை. சிறு வெல்லக் கொட்டகையைக் கட்டாயப்படுத்துவதும் விரும்பத்தக்கதன்று. ஆகவே, மனம் ஒப்பச் செய்தல் ஒன்றே வழி.

அதற்கு முதலாவதாகச் செய்ய வேண்டியது, யோசனை சொல்வதற்கு முன் அளப்பது. ஒரு தராசும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். ஒரு நாள் முழுவதும் கொட்டகையில் தங்கி, ஆட்டிய கரும்பு, இறங்கிய சாறு, எரிந்த சக்கை, விலைக்கு வாங்கிய எரிபொருள், எடுத்த வெல்லம் ஆகியவற்றை நிறுத்து, முதலாளியின் கையாலேயே எழுதச் செய்ய வேண்டும். பிறர் கணக்கை விவசாயி சந்தேகிக்கலாம். தாம் எழுதின கணக்கைச் சந்தேகிக்க மாட்டார்.

இரண்டாவதாக, பத்து யோசனைகளை ஒருங்கே கொட்டாமல், அவருடைய கணக்குக்குப் பொருந்துகிற இரண்டொன்றை மட்டும், செலவு குறைந்தது முதலில் வருமாறு சொல்ல வேண்டும். மேற்சொன்ன முதற் கொட்டகையில் உருளைகளைச் சீர் செய்தால் டன்னுக்கு 50 கிலோ சாறு கூடும். அது ஏறக்குறைய 9 கிலோ வெல்லம். இரண்டாவதில் சக்கை உலரக் களம், மூன்றாவதில் வெடிப்புகளுக்குக் களிமண் பூச்சு, நான்காவதில் கரும்பு வெட்டுக்கு முறை வகுத்தல். இவற்றுக்குப் பெருஞ்செலவில்லை. இவற்றில் மிச்சப்பட்ட பணத்தைக் கொண்டே பின்னர் இரண்டாங் கொப்பரை வைக்கலாம்.

மூன்றாவதாக, காலம் அறிந்து சொல்ல வேண்டும். ஆலை ஓடும் பருவத்தின் நடுவில் அடுப்பை இடிக்க எவரும் துணியார். பருவத்தில் அளந்து, ஆலை நின்றதும் யோசனை கூறி, அடுத்த பருவத்தில் மறுபடி சென்று அளந்து காட்டுதல் முறை. மறுபடி போகாத ஊழியரின் யோசனை, விதைத்துவிட்டுத் தண்ணீர் பாய்ச்சாத வயலுக்கு ஒப்பாகும்.

நான்காவது விஷயம் மிக முக்கியமானது. பெரும்பாலும் மறக்கப்படுவதும் அதுவே. சிக்கனத்தின் பலன் யாருக்கு என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். அடுப்பெரிப்பவருக்குக் கொப்பரைக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருந்தால், சக்கை மிஞ்சுவதால் அவருக்கு என்ன லாபம்? வாரி வாரிப் போட்டு விரைவில் காய்ச்சுவதே அவருக்கு ஆதாயம். மிஞ்சும் சக்கையில் ஒரு பங்கு அவருக்கு என்று சொல்லிப் பார்த்தால், அடுப்பின் வாய் தானாகவே அளவறியும். அவ்வாறே, கொட்டகை ஒருவருடையதும் காய்ச்சுவது குத்தகைக்காரருமாக இருக்குமிடத்தில், அடுப்பைத் திருத்தும் செலவு ஒருவருக்கும் லாபம் மற்றொருவருக்குமாகப் பிரிந்து நின்றால் திருத்தம் நடவாது. குத்தகை பேசும்போதே இதனைத் தீர்த்துக்கொள்வது நிலமுடையோரின் பொறுப்பு.

இவ்வாறு கொட்டகை கொட்டகையாகச் சென்று அளக்க இலாகாவில் ஆளில்லை என்று ஆட்சேபிக்கலாம். ஆட்சேபம் உண்மையே. ஆனால் ஒரு பிர்க்காவில் ஆயிரம் பிரசுரம் விநியோகிப்பதைவிட, ஒரு கொட்டகையை இரண்டு பருவம் முழுமையாகக் கவனித்து, அதன் கணக்கை அக்கொட்டகையிலேயே அண்டை அயலாருக்கு அதன் முதலாளியின் வாயால் படித்துக் காட்டச் செய்வது பயன் தரும். அயலான் கொட்டகையில் மிஞ்சிக் கிடக்கும் சக்கைப் போரே சிறந்த பிரசாரம்.

கிராம அதிகாரிகளுக்கும் இதிற் பங்குண்டு. தம் எல்லைக்குள் ஓடும் கொட்டகைகளின் ஜாபிதாவை வைத்திருப்பதும், புகையைப் பற்றிப் புகார் வரும்போது உடனே சண்டையாக வளர விடாமல் அக்கொட்டகையை முதலில் அளக்க ஏற்பாடு செய்வதும் அவர்களால் ஆகும். புகை மிகும் அடுப்பு, பணம் எரியும் அடுப்பே. அண்டை வீட்டாரின் மனக்குறையும் முதலாளியின் நஷ்டமும் ஒரே வெடிப்பின் வழியாக வெளிவருகின்றன.

மிஞ்சிய சக்கை மூடாக்காகவும் எருவாகவும் வயலுக்குத் திரும்பும்; சாற்றில் எடுத்த அழுக்கும் அடுப்புச் சாம்பலும் குப்பைக் குழிக்கு உதவும். வரும் பருவத்தில் ஆலை பூட்டுமுன் ஒவ்வொரு முதலாளியும் ஒரு தராசையும் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் கொட்டகையில் வைப்பாராக. பின்னர் இலாகா ஊழியர் வரும்போது அவருடைய யோசனையைக் கேட்பதற்கு முன், தம் கணக்கை அவர் முன் வைத்து, "இதற்கு என்ன சொல்கிறீர்?" என்று கேட்பாராக. அக்கேள்விக்கு விடை சொல்லக்கூடிய ஊழியரே பயனுள்ள ஊழியர்.