அர்த்தநாரீஸ்வரர் வரும் நேரத்தில் கேமரா நின்றால்?

கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணி நெருங்கும்போது, திருவண்ணாமலை அண்ணாமலையார் கோயிலில் எல்லோருடைய கண்ணும் ஒரே பக்கம்தான் இருக்கும். பஞ்சமூர்த்திகள் முன்னதாகவே தீப தரிசன மண்டபத்துக்கு எழுந்தருளியிருப்பார்கள். அர்த்தநாரீஸ்வரர் ஆடியபடி வெளியே வருவார். கொடிமரத்தருகே அகண்ட தீபம் ஏற்றப்படும். உடனே 2,668 அடி உயர மலை உச்சியில் மகா தீபம் எரியும். 'அரோகரா' முழக்கம் அடங்குவதற்குள் சுவாமி உள்ளே போய்விடுவார். எல்லாம் சில நிமிடங்கள்தான். மறுபடி இந்தக் காட்சியைப் பார்க்க ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

படம் எடுக்க அனுமதி வாங்கி, காலையிலிருந்து கால் கடுக்க நிற்கும் புகைப்படக்காரர் அப்போது பட்டனை அழுத்திய விரலை எடுக்கவே மாட்டார். கேமராவும் படபடவென்று எடுக்கும். மூன்று, நான்கு விநாடிகளில் வேகம் குறைந்து, கிட்டத்தட்ட நின்றே போகும். சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். கேமராவில் ஒரு கோளாறும் இல்லை. உள்ளே இருக்கும் மெமரி கார்டுதான் மெதுவானது.

ஏன் நிற்கிறது?

எடுத்த படம் நேராக கார்டுக்குப் போவதில்லை. முதலில் கேமராவின் 'பஃபர்' என்ற தற்காலிக நினைவகத்தில் சேரும். அங்கிருந்துதான் கார்டில் எழுதப்படும். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு 'ரா' படம் சுமார் 25 எம்.பி. இருக்கும். விநாடிக்கு 10 படம் என்றால் 250 எம்.பி. கார்டு விநாடிக்கு 30 எம்.பி.தான் எழுதும் என்றால், ஒரு படம் வெளியேறும் நேரத்தில் சுமார் எட்டுப் படம் உள்ளே வருகிறது. அடைத்த வாய்க்காலில் தண்ணீர் தேங்குவதுபோல பஃபர் நிரம்பிவிடுகிறது.

எந்த எண்ணைப் பார்ப்பது?

கார்டின் மேல் பெரிய எழுத்தில் '170 எம்.பி.' என்று அச்சிட்டிருந்தால், அது பெரும்பாலும் படிக்கும் வேகம். படங்களை கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது உதவும். படம் எடுக்கும்போது தேவைப்படுவது எழுதும் வேகம். அதைச் சின்னச் சின்னக் குறிகளில் தேட வேண்டும்.

• 'சி' என்ற எழுத்துக்குள் 10 அல்லது 'யு' எழுத்துக்குள் 1 இருந்தால், விநாடிக்குக் குறைந்தது 10 எம்.பி.

• 'யு' எழுத்துக்குள் 3 அல்லது 'வி30' என்றால் 30 எம்.பி.

• 'வி60', 'வி90' என்றால் முறையே 60, 90 எம்.பி.

இவை வீடியோ தடைபடாமல் பதிவாவதற்கான குறைந்தபட்ச உத்தரவாதம். பெரும்பாலான கேமராக்களின் 4கே வீடியோவுக்கு வி30 போதும். 100 மெகாபிட் வீடியோ என்றால் 8-ஆல் வகுக்க வேண்டும், விநாடிக்கு 12.5 எம்.பி.தான் வரும். ஒரு மணி நேரத்துக்கு சுமார் 45 ஜி.பி. ஆகும்.

இன்னொரு குறி, ரோமன் எண். 'ஒன்று' போட்ட யு.ஹெச்.எஸ். கார்டு அதிகபட்சம் விநாடிக்கு 104 எம்.பி. வரைதான் போகும். 'இரண்டு' போட்டது 312 எம்.பி. வரை போகும்; அதன் பின்புறம் உலோகப் பட்டைகள் இரண்டு வரிசையாக இருக்கும். ஆனால் கேமராவும் அதை ஏற்க வேண்டும். பழைய கேமராவில் விலை உயர்ந்த கார்டைப் போட்டாலும் பழைய வேகம்தான். கடைக்குப் போகும் முன் கேமராவின் கையேட்டைப் பார்த்துவிடுவது பர்ஸுக்கு நல்லது.

வாங்கிய பிறகு

பாதி விலையில் 256 ஜி.பி. கிடைத்தால் சந்தேகப்பட வேண்டும். போலி கார்டு, கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும். படம் சேர்வதுபோலத் தெரியும், வீட்டுக்கு வந்து திறந்தால் இருக்காது. 'ஹெச்2டெஸ்ட்டபிள்யூ' போன்ற இலவச மென்பொருளால் கார்டு முழுவதையும் நிரப்பிச் சோதித்துவிடலாம். பழைய படங்களைப் பத்திரப்படுத்திய பிறகு, கேமராவிலேயே ஃபார்மட் செய்வது நல்லது. சிவப்பு விளக்கு எரியும்போது கார்டை உருவவே கூடாது.

புது கார்டு வாங்க வசதி இல்லையா? 'ரா'வை விட்டு ஜேபெக்கில் எடுங்கள். படத்தின் அளவு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். விரலை அழுத்தியே வைக்காமல், விட்டுவிட்டு எடுத்தால் பஃபர் காலியாக அவகாசம் கிடைக்கும். தாலி கட்டும் நேரத்துக்கும், குழந்தைக்குக் காது குத்தும் நேரத்துக்கும் இதே கணக்குதான்.

மலை உச்சியில் மகா தீபம் பதினொரு நாள் எரியும். அதை நாளைக்கும் எடுத்துக்கொள்ளலாம். அர்த்தநாரீஸ்வரர் கேமராவுக்காகக் காத்திருக்க மாட்டார்.