ஆரைக்கீரையும் பெரணிதான்

பெரணி என்றால் ஊட்டி, கொடைக்கானல் என்றே எங்கள் பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் ஷிப்ட் பார்ப்பவர்களின் பிள்ளைகள் இவர்கள். பிளஸ் ஒன்னில் நான் தாவரவியல் நடத்துகிறேன். ஏரிக்கரையில் படர்ந்த ஆரைக்கீரையைக் காட்டி, இதுவும் பெரணிதான் என்றால் நம்ப மறுக்கிறார்கள்.

நம்ப வைப்பது எளிது. ஆரைக்கீரை பூப்பதில்லை. இளம் இலை சுருண்டு வந்து பிறகு நான்காக விரியும். காம்படியில் மிளகைவிடச் சிறிய கொட்டை ஒன்று இருக்கும். அதன் ஓரத்தைச் சீவித் தண்ணீரில் போட்டால், சற்று நேரத்தில் பசை போன்ற நாடா வெளியே நீளும்; அதில் ஸ்போர்கள். ஏரி வற்றினாலும் அந்தக் கொட்டை பல ஆண்டுகள் சேற்றில் உயிரோடு கிடக்கும். தொட்டியில் மாட்டுத் தீவனமாக வளர்க்கிறோமே, அந்த அசோலாவும் இதே வரிசையைச் சேர்ந்ததுதான்.

தோற்றத்தை மட்டும் வைத்து உறவு சொல்ல முடியாது. ஸ்ரீபெரும்புதூர் மண்ணடியில் பத்துக் கோடி ஆண்டுக்கு முந்தைய இலைப் புதைபடிவங்கள் உண்டு. புதைபடிவ ஆய்வாளர் ஃபைஸ்ட்மாண்டல் 1879-லேயே அவற்றை விவரித்தார். அவற்றில் டைலோஃபில்லம், பார்த்தால் பெரணி இலை மாதிரியே இருக்கும். ஆனால் அது பெரணி அல்ல, அழிந்துபோன ஒரு விதைத் தாவரம்.

2018-ல் வந்த எங்கள் பாடநூலோ, பெரணிகளுக்கும் அவற்றைப் போன்ற விதையில்லாத் தாவரங்களுக்கும் ரெய்மர் என்ற தாவரவியலாளர் 1954-ல் செய்த வகைப்பாட்டையே தருகிறது: ஐந்து துணைப்பிரிவுகள், 19 வரிசைகள், 48 குடும்பங்கள். சைலோட்டம், ஈக்விசிட்டம் என்ற இரண்டு தாவரங்களும் அதில் பெரணிகளுக்கு வெளியே நிற்கின்றன. ஆனால் தாவரவியலாளர் கேத்லீன் பிரையரின் குழு 2001-லேயே மரபணுக்களை ஒப்பிட்டு, அவை இரண்டும் பெரணிக் கூட்டத்தைச் சேர்ந்தவை என்று காட்டிவிட்டது. அதே பாடத்தில் வரும் லைக்கோபோடியம் என்ற தாவரம்தான் தள்ளி நிற்கிறது; பெரணிக்கு அதைவிட நெல்லும் வேம்பும் நெருங்கிய உறவு! 2016-ல் 94 வல்லுநர்கள் கூடி, 11,916 இனங்களை அடக்கிய புதிய வகைப்பாட்டையும் தந்துவிட்டார்கள்.

ரெய்மரின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. மரபணுவைப் படிக்க வழியில்லாத காலத்தில் அவர் செய்தது பெரிய வேலை. அதை வரலாறாக நடத்தலாம். ஆனால் இன்றைய விடை அதுதான் என்று பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்து மதிப்பெண் போடுவது தவறு. நாளை கல்லூரிக்குப் போய் அவர்கள் அதை மறந்துவிட்டு முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கும்.

பாடநூல் குழுவுக்கு என் வேண்டுகோள்: அடுத்த பதிப்பில் 2016 வகைப்பாட்டைச் சேருங்கள். கூடவே, அந்தந்த ஊர் ஏரியில் கிடைக்கும் ஆரைக்கீரையைச் செய்முறை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.