மட்டாஞ்சேரியில் கல்கத்தாவின் கடிகாரம்

1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை, போரை முன்னிட்டு இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டிருந்தன. கொல்லம் ஆண்டில் 1118 ஆவணி முதல் 1121 புரட்டாசி வரை. அக்காலத்து ஜாதகங்களைத் திருத்தித் தரும் மென்பொருள்கள் இன்று மலிந்துவிட்டன. ஜாதகத்தைச் சமூக வரலாற்றுச் சான்றாகக் கையாளும் ஆய்வாளரும் அத்திருத்தத்தைக் கேள்வியின்றி ஏற்பது வியப்பளிக்கிறது.

திருத்தம் தேவையில்லை என்பதல்ல வாதம். சித்திரைத் தொடக்கத்தில் மட்டாஞ்சேரியில் சூரியன் உதிப்பது ஏறத்தாழ 6.15க்கு. போர்க்காலக் கடிகாரத்தில் காலை 6.40க்குப் பிறந்த குழந்தை, உண்மையில் 5.40க்கு, விடியுமுன் பிறந்தது. லக்னம் மேடத்திலிருந்து மீனத்துக்கு மாறும். பஞ்சாங்க நாள் உதயத்தில் தொடங்குவதால் கிழமையும் முந்தையதாகும். எட்டாமிடத்துச் செவ்வாய் ஒன்பதாமிடத்துக்குப் போய்விடும். செவ்வாய் தோஷத்தின் பெயரால் பெண்ணை ஒதுக்கிய சமூகத்தில் இது சிறு பிழையன்று. ஜோதிடத்தை நம்பாத ஆய்வாளருக்கும் இதில் அக்கறை வேண்டும். நம்பியவர்கள் அதன்படிதான் மணம் பேசினார்கள், மறுத்தார்கள்.

ஆனால் எந்த நேரத்தைத் திருத்துவது? பழைய ஜாதகங்கள் பல உதயாதி நாழிகையில் எழுதப்பட்டவை. அரசாங்கம் கடிகார முள்ளைத் தள்ளியது, சூரியனைத் தள்ளவில்லை. நாழிகையை மணியாக்கி, அதிலிருந்து மீண்டும் ஒரு மணியைக் கழித்தால் இரண்டரை நாழிகை காணாமற்போகும். ஜோதிடர் கடிகாரத்தைப் பார்த்தே நாழிகை கணித்திருக்கலாமே என்பது நியாயமான மறுப்பு. மணியும் நாழிகையும் ஒருங்கே பதிவான ஜாதகத்தில் இதைச் சோதிக்கலாம். பிறந்த மணியிலிருந்து நாழிகையைக் கழித்தால் அவர் கொண்ட உதய நேரம் கிடைக்கும். சித்திரைப் பிறப்பில் அது 7.15ஐ ஒட்டி வந்தால் நாழிகை சரியானது. அதைத் தொடவே கூடாது. 6.15 வந்தால், குடும்பத்தார் முன்பே ஒரு மணி குறைத்துச் சொல்லியிருக்க வேண்டும், அல்லது ஜோதிடர் ஏமாந்திருக்க வேண்டும். இரண்டில் எது என்பதற்கு வேறு ஆவணம் தேவை. மென்பொருள் இக்கேள்வியைக் கேட்பதே இல்லை.

அது கேட்காத கேள்வி இன்னொன்றும் உண்டு. கணினிகள் பயன்படுத்தும் நேரமண்டலத் தரவில் இந்தியா முழுவதற்கும் 'ஆசியா/கொல்கத்தா' என்ற ஒரே பதிவு. அது கல்கத்தாவின் கடிகார வரலாறு. 1941 அக்டோபர் முதல் 1942 மே நடுப்பகுதி வரையும் அதில் ஒரு மணி கூடுதலாக உள்ளது. அந்த மாதங்களில் மட்டாஞ்சேரியில் பிறந்தவருக்கும் கல்கத்தாவின் நேரத்தைக் கழித்துத் தருவது எவ்வகை நியாயம்? அன்று மட்டாஞ்சேரி கொச்சி மன்னரின் ஆட்சிப்பகுதி. நடந்துபோகும் தொலைவிலிருந்த ஃபோர்ட் கொச்சி பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதி. அருகருகே இரு நிர்வாகங்கள் இயங்கிய ஊரின் பிறப்புகளை ஆய்வோர், வங்காளத்துக் கடிகாரத்தைக் கொண்டு அவற்றை அளக்கின்றனர்!

இதைவிடக் கொடியது, திருத்திய நேரத்தை மட்டும் அட்டவணையில் ஏற்றி, மூலத்தில் உள்ளதை விட்டுவிடும் வழக்கம். மூலத்தில் எழுதியிருப்பது மணியா நாழிகையா, எந்தக் கடிகாரம், கழித்தது யார் என்பவை தனித்தனியே பதிவாகாத தொகுப்பை அடுத்த ஆய்வாளர் சரிபார்க்கவே முடியாது.