மோட்டார்ஹோமுக்கு ஏற்ற எம்.சி.பி.



ஐரோப்பிய முகாம்களில், மோட்டார்ஹோம் எனப்படும் வீட்டு வசதி கொண்ட வாகனத்துக்கு 230 வோல்ட் மின்சாரம் நீல நிற மூன்று முனை பிளக் வழியே வருகிறது. பிரான்ஸ் போன்ற நாடுகளில் ஃபேஸும் நியூட்ரலும் சில இடங்களில் மாறியிருப்பதுண்டு. அங்கே, மிகை மின்னோட்டத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி. ஒற்றை முனை வகையாக இருந்தால், அதை அணைத்த பின்னும் சாக்கெட்டில் மின்சாரம் நிற்கும். ஆகவே இரு கம்பிகளையும் ஒருசேரத் துண்டிக்கும் இரட்டை முனை வகையே வேண்டும். விலையைக் காட்டி இதைத் தவிர்ப்பது தகாது. எம்.சி.பி. கம்பியைக் காக்குமேயன்றி மனிதரைக் காக்காது. அதற்கு 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.டி. அவசியம். எம்.சி.பி. அடிக்கடி டிரிப் ஆகிறதென்று, 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 10 ஆம்பியருக்குப் பதில் 20 ஆம்பியர் எம்.சி.பி.யை மாட்டுவது, சுவர்ப்பலகைக்குப் பின்னே தீக்கு இடம் கொடுப்பதாகும்.

— வாசகர்