கண்மாயின் வருமானம் கண்மாய்க்கே வரட்டும்

எங்கள் கண்மாயில் கீழமடையின் ஷட்டர் இறங்காது. திருகுத்தண்டு துருவேறி வளைந்துவிட்டது. தண்ணீர் நிற்கும் மாதங்களில் மண் மூட்டையை இறக்கி, சந்துகளில் வைக்கோலைத் திணித்து அடைக்கிறோம். அப்படியும் ராத்திரி முழுக்கக் கசியும். தை மாதம் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் ஒரு தண்ணீர் பற்றாமல் போவது இந்தக் கசிவால்தான். கரையைப் பலப்படுத்த லட்சக்கணக்கில் பணம் வந்திருக்கிறது. சில ஆயிரத்தில் முடிகிற இந்தத் தண்டு வேலைக்கு மட்டும் பணம் வந்ததில்லை.

சிவகங்கைச் சீமையில் பாசன சங்க வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: கண்மாய்க்குப் பணமே வராமல் இல்லை. வருகிற பணம் சில வருடங்களுக்கு ஒருமுறை மொத்தமாக வருகிறது. கண்மாய்க்கு வேண்டியதோ வருடா வருடம் கொஞ்சம். மடைக்கு கிரீஸ், கலுங்குக்கு ஒரு பூச்சு, வரத்துக்காலில் முளைத்த சீமைக்கருவேலை வேரோடு பிடுங்க ஆள்கூலி, நீர்பாய்ச்சிக்குச் சம்பளம். முன்பு அவருக்குக் களத்திலேயே ஏக்கருக்கு இத்தனை மரக்கால் என்று நெல் அளந்தோம். பாதி நிலம் தரிசான பிறகு அளக்க யார் இருக்கிறார்கள்?

இந்தச் செலவுக்கான பணம் கண்மாய்க்குள்ளேயே இருக்கிறது. மீன் குத்தகை நடக்கிறது. 1980-களில் சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தில் உள்வாயில் நட்ட கருவேலமரங்கள் ஏலம் போகின்றன. எங்கள் ஊரில் அந்த ரசீதுகளில் ஒன்றுகூடக் கண்மாயின் பெயரில் திரும்பி வந்ததில்லை. பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகளில் ஏரிப்பட்டி என்ற நிலம் வருகிறது. அதன் விளைச்சல் ஏரிப் பராமரிப்புக்கு. வருமானத்தையும் கடமையையும் ஒரே கையில் கொடுத்திருந்தார்கள். பிற்பாடு வருமானம் ஓரிடம், கடமை ஓரிடம் என்றானது. ஊரே உழைத்துக் கண்மாயைப் பராமரிக்கும் குடிமராமத்துக்கு வராதவர்களிடம் அபராதம் வாங்க மதராஸ் அரசு 1858-ல் சட்டமே போட்டும் அந்த வழக்கம் தேய்வது நிற்கவில்லை. 2017-ல் அதே பெயரில் திட்டம் வந்தபோது விவசாயிகள் பத்து சதவீதத்தைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்றார்கள். நல்ல நிபந்தனைதான். ஆனால் அந்தப் பத்து சதவீதத்தை வேலை எடுத்தவரே போட்டுவிட்டால், கண்மாய் மறுபடி ஊருக்கு அந்நியம்.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. எங்கள் பக்கத்துக் கண்மாய்கள் சங்கிலி. மேல்கண்மாய் மறுகால் பாய்ந்தால்தான் எங்களுக்கு வரத்து. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்களில், ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத்துறை. குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். எங்களுடையது முதல் வகை, மேல்கண்மாய் இரண்டாம் வகை. நடுவில் ஒரு சாலை குறுக்கிடுகிறது. அகலப்படுத்தும்போது கட்டிய சிறுபாலத்தின் தளம் கால்வாய் மட்டத்தைவிட முழங்கால் உயரம் மேலே நிற்கிறது. மேலே தூர்வாரினார்கள், கீழே கரை உயர்த்தினார்கள். தண்ணீர் பாலத்தடியில் தேங்கி எதிர்த்திசையில் புஞ்சைக்குள் ஏறியது. அந்த முழங்கால் உயரத்தை உடைத்து இறக்குவது யார் வேலை என்று இன்றுவரை முடிவாகவில்லை. தனித்தனிக் கண்மாய்க்குப் பணம் ஒதுக்கும் வரை இது தீராது. சங்கிலி முழுவதற்கும் ஒரே மதிப்பீடு, ஒரே பொறுப்பு அதிகாரி வேண்டும்.

காலமும் ஒத்துப்போவதில்லை. கண்மாய் காய்ந்து கிடப்பது பங்குனியிலிருந்து ஆடி வரை. ஏப்ரலில் நிதியாண்டு பிறந்து, டெண்டர் முடிந்து, ஜேசிபி வந்து இறங்கும்போது ஆவணி. ஐப்பசி மழையில் பாதிக்கரை கரைகிறது. தை மாதத்திலேயே வேலை உத்தரவு கையில் இருந்தால் இந்த நஷ்டம் இல்லை.

ஊர்க் கையில் பணம் கொடுத்தால் பெரிய தலைக்கட்டுகள் சுருட்டிவிடும் என்பார்கள். நியாயமான பயம். 2000-ம் ஆண்டுப் பாசனச் சட்டத்தில் பாசன சங்கத் தேர்தலில் ஓட்டு நிலம் உள்ளவர்களுக்கு மட்டும்தான். அதனால் கண்மாயில் ஆடு மேய்ப்பவரும், கோரை அறுக்கும் பெண்களும், மீன் பிடிக்கும் குடும்பங்களும் கணக்குக் கேட்க முடிவதில்லை. அவர்களையும் பாசன சங்கக் குழுவில் சேர்த்து, ஒவ்வொரு கண்மாய்க்கும் தனி வங்கிக் கணக்கு திறந்து, வரவு செலவைக் கிராமசபையில் வாசிக்க வேண்டும். விவசாயிகள் வண்டல் எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று 2024-ல் விதியை எளிதாக்கியபோது உள்வாயின் மேடு எத்தனை சீக்கிரம் வண்டி ஏறிப் போனது என்று பார்த்தோம். மீன் குத்தகையில் பாதியையாவது கண்மாய்க் கணக்கில் போடவும் அதே மாதிரி ஓர் அரசாணை போதும். மாவட்டக் குறைதீர் கூட்டத்தில் இதையே மனுவாகக் கொடுத்திருக்கிறோம். கூடவே மேல்கண்மாய், சிறுபாலம், எங்கள் மடை மூன்றையும் ஒரே தாளில் வரைந்த படமும் இணைத்திருக்கிறோம்.