வரைந்ததா, வடித்ததா? சாம்பிராணிச் சிலைக்கு எத்தனை சதவீதம் ஜிஎஸ்டி?

கிரிவலம் போனவர்களுக்குத் தெரியும். 14 கி.மீ. பாதையில் பாதி கடந்து அடி அண்ணாமலை வரும்போது கால் வலிக்கும். கூடவே கற்பூரமும் சாம்பிராணியும் கலந்த வாசம் வரும். அந்த வாசத்தையே சிலையாக்க முடியுமா?

திருவண்ணாமலையில் பிறந்த பெனிதா பெர்சியல் அதைத்தான் செய்கிறார். 2014 கொச்சி-முசிறிஸ் பினாலேயில் அவர் வைத்த கிறிஸ்தவ உருவங்கள் கல்லில் செதுக்கியவை அல்ல, உலோகத்தில் வார்த்தவையும் அல்ல. சாம்பிராணி, வெள்ளைப்போளம், மரப்பட்டைத் தூள், மசாலாப் பொருட்கள் சேர்ந்த கலவை அது. பார்க்கும் முன்பே மூக்கு கண்டுபிடித்துவிடும்.

இதில் சுவாரசியமான விஷயம், சென்னை கவின் கலைக் கல்லூரியில் அவர் படித்தது பதிப்போவியம். 'அப்புறம் எப்படி சிலை?' என்று கேட்கலாம். தகட்டில் கோடு கீறி, மையை நிரப்பி, தாளில் அழுத்தி எடுப்பதுதான் அந்தக் கலை. அங்கே கோடு என்பது ஏற்கெனவே ஒரு பள்ளம். கை ஓவியம் போடுகிறது, தகடு செதுக்கப்படுகிறது. அங்கிருந்து சிலைக்குப் போவது பெரிய தாவல் இல்லை.

சென்னைக்கு இது புதிதும் இல்லை. கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966இல் உருவான சோழமண்டலத்தின் காலத்திலேயே, பி.வி. ஜானகிராம் செம்புத் தகட்டை உருவமாக்கி அதன்மேல் உலோகக் கம்பியைப் பற்றவைத்தார். கம்பிதான் அவருக்குப் பென்சில் கோடு. அந்தச் சிலைகளைச் சுற்றி வர வேண்டியதில்லை. ஓவியம் மாதிரி முன்னால் நின்று பார்த்தால் போதும். பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபாலும் இதே வழியில் போனவர்.

சரி, கலைஞர் எல்லையைத் தாண்டிவிட்டார். பில் போடுகிறவர் என்ன செய்வார்?

வரிப் பட்டியலில் ஓவியத்துக்கு 9701, சிற்பத்துக்கு 9703 என்று தனித்தனி எண். 2025 செப்டம்பர் 21 வரை இரண்டுக்கும் 12% ஜிஎஸ்டி, இப்போது 5%. அகர்பத்திக்கோ 2017 முதலே 5%தான். அதாவது கிட்டத்தட்ட அதே சரக்கு, குச்சியில் ஒட்டினால் குறைந்த வரி, சிலையாக நின்றால் இரண்டு மடங்குக்கு மேல்! இப்போதுதான் இரண்டும் ஒரே வரிசையில் வந்திருக்கின்றன.

இந்தக் குழப்பத்துக்கு அமெரிக்காவில் ஒரு பிரபலமான முன்கதை உண்டு. பிரான்குசியின் பறவைச் சிற்பம் 1926இல் நியூயார்க் வந்தபோது, அதில் சிறகும் அலகும் காணாத சுங்க அதிகாரிகள் சமையலறைச் சாமான் வகையில் சேர்த்து 40% வரி கேட்டார்கள். 1928இல்தான் அது கலை என்று நீதிமன்றம் ஏற்றது. இன்று 9703இல் 'எந்தப் பொருளில் செய்தாலும்' சிற்பம் சிற்பமே. அந்த வகையில் சாம்பிராணிக்குச் சிக்கல் இல்லை.

சிக்கல் வாங்குபவருக்குத்தான். வெண்கலம் தலைமுறைகள் தாண்டும். வாசனைக் கலவை ஈரத்துக்கும் வெயிலுக்கும் அசையும், வாசமும் மெல்லக் குறையும். முதலீடாக மட்டும் கலை வாங்குபவர்களுக்கு இது நஷ்டமாகத் தெரியலாம். ஆனால் அந்த மாற்றத்தைக் கழித்துவிட்டால் இந்தச் சிலையில் பாதிகூட மிஞ்சாது. கண்ணாடிப் பெட்டியில் பூட்டினால் உருவம் தப்பிக்கும், வாசம் உள்ளேயே நின்றுவிடும். வாங்குகிறவர் எதைக் காப்பாற்றப் போகிறார் என்பதைக் கலைஞரிடம் கேட்டுக்கொண்டு பணம் கட்டுவது நல்லது.